முள்ளங்கிப் பாத்தியிலிருந்து தொடங்கலாம்: நீலகிரியில் ரம்ப ஈக்களை அறிய ஒரு வழிகாட்டி

கோத்தகிரிப் பக்கம் நவம்பர் மழை விட்ட ஒரு காலையில், மருந்து அடிக்காத முள்ளங்கிப் பாத்தி ஓரமாகக் குனிந்து உட்காருங்கள். இலையெல்லாம் ஓட்டையாக இருந்தால் உடனே தொட வேண்டாம். முதலில் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கரும்பச்சை நிறத்தில், தோல் சுருக்கம் சுருக்கமாக ஒரு புழு இலை விளிம்பைக் கவ்விக்கொண்டு தின்றுகொண்டிருக்கும். விரல் பட்டதும் சுருண்டு மண்ணில் விழும். செத்துவிட்டது என்றுதான் நினைப்பீர்கள். கொஞ்ச நேரம் அசையாமல் காத்திருந்தால் மெல்ல விரிந்து, தலையைத் தூக்கிப் பார்த்து, நடக்கத் தொடங்கும்.

நான் முதன்முதலில் இப்படி உட்கார்ந்திருந்தபோது பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி, "மருந்து அடிக்காம என்ன கண்ணு பார்த்துக்கிட்டே இருக்கே?" என்று கேட்டார். கால்களை எண்ணுகிறேன் என்றேன். அவரும் குனிந்து என்னோடு சேர்ந்து எண்ணினார். பதினொரு ஜோடி. அன்றுதான் இந்தப் பூச்சி என்னைப் பிடித்துக்கொண்டது.

அந்தப் புழு கடுகு ரம்ப ஈயின் புழு. அறிவியல் பெயர் அதாலியா லூஜென்ஸ் பிராக்சிமா. பெயரில் ஈ இருந்தாலும் ஈக்கும் இதற்கும் உறவு கிடையாது. ஈக்கு இரண்டு சிறகு, இதற்கு நான்கு. குளவி, தேனீ, எறும்பு எல்லாம் இருக்கும் வரிசையைச் சேர்ந்தது. பெண் பூச்சியின் வயிற்று நுனியில் பல் வைத்த மெல்லிய தகடுகள் ஒன்றோடொன்று உரசி ஓடும். அந்த ரம்பத்தால் இலையைக் கீறி உள்ளே முட்டை வைக்கும். கொட்டாது, விஷமும் இல்லை. கையில் ஏறினாலும் பயப்பட வேண்டாம்.

இந்தக் கட்டுரை நீலகிரியிலோ பழனி மலையிலோ இருந்துகொண்டு ரம்ப ஈக்களைப் பார்க்கத் தொடங்க நினைப்பவர்களுக்கு. எந்த வகை எந்தக் குடும்பம், எந்தச் செடியோடு சேர்ந்து எப்படி வளர்ந்து வந்தது என்பதையெல்லாம் வீட்டுத் தோட்டத்திலிருந்தே படிக்க முடியும். பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று, மெல்லிய தூரிகை ஒன்று, மூடியுள்ள நான்கைந்து கண்ணாடிப் பாட்டில்கள், ஒரு நோட்டு, ஒரு பென்சில். பேனா வேண்டாம், இங்கே பனியும் சாரலும் பட்டு எழுத்து கரைந்துவிடும். அப்புறம் குடை. அது எப்படியும் கையில் இருக்கும். அதையே விரித்துத் தலைகீழாகப் புதருக்கு அடியில் பிடித்து, கிளையைக் குச்சியால் இரண்டு தட்டு தட்டினால் புழுக்கள் குடைக்குள் விழும். உட்புறம் வெளிர் நிறமாக உள்ள குடையாக இருந்தால் நல்லது.

முதல் வேலை: கால் எண்ணுவது

ரம்ப ஈப் புழுவைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சிப் புழு என்றோ அந்துப்பூச்சிப் புழு என்றோதான் நினைப்பார்கள். முட்டைக்கோஸில் இந்த மூன்றுமே ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பதால் இதை முதலில் பழகிவிடுங்கள்.

தலைக்கு அடுத்துள்ள மூன்று ஜோடி உண்மையான கால்கள் எல்லாப் புழுக்களுக்கும் பொது. அதற்குப் பின்னால் வயிற்றுப் பகுதியில் இருக்கும் சதைக் கால்களை எண்ணுங்கள். வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு அவை அதிகபட்சம் 5 ஜோடி. இலையை வெளியிலிருந்து தின்னும் ரம்ப ஈப் புழுக்களுக்குப் பெரும்பாலும் 6 முதல் 8 ஜோடி. கடுகு ரம்ப ஈக்கு 8. எண்ணும்போது புழு நெளிந்து கணக்குத் தப்பினால் இடைவெளியைப் பாருங்கள். உண்மையான கால்கள் முடிந்ததும் வண்ணத்துப்பூச்சிப் புழுவில் குறைந்தது இரண்டு கணுக்கள் காலில்லாமல் வெறுமையாக இருக்கும். ரம்ப ஈப் புழுவில் ஒரு கணு மட்டும்தான் வெறுமை. அடுத்த கணுவிலேயே சதைக்கால் தொடங்கிவிடும்.

லென்ஸை எடுத்தால் இன்னும் இரண்டு அடையாளம் கிடைக்கும். வண்ணத்துப்பூச்சிப் புழுவின் சதைக்காலடியில் நுண்ணிய கொக்கிகள் வரிசையாக இருக்கும்; ரம்ப ஈக்கு அவை இல்லை. தலையின் பக்கவாட்டில் வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்குச் சிறு கண்கள் கொத்தாக, வழக்கமாக ஆறு இருக்கும். ரம்ப ஈப் புழுவுக்குப் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று, கருப்புப் பொட்டு வைத்ததுபோல். அந்த ஒற்றைக் கண்தான் அதன் முகத்துக்கு ஒரு பொம்மைத்தன்மையைத் தருகிறது. ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

இலைக்குள் சுரங்கம் போடுபவற்றுக்கும் தண்டு துளைப்பவற்றுக்கும் கால்கள் குறைந்தோ இல்லாமலோ போயிருக்கும். அவற்றைப் பிறகு பழகிக்கொள்ளலாம்.

செடியின் பெயர் தெரியாமல் புழுவை எடுக்காதீர்கள்

இதை நான் மிகவும் அழுத்திச் சொல்வேன். ரம்ப ஈக்களில் பெரும்பாலானவை கண்டதையும் தின்னாது. ஒரு செடி, அல்லது நெருங்கிய சில செடிகள், அவ்வளவுதான். அதனால் எந்தச் செடியில் எடுத்தது என்பது புழுவின் முகவரி. முகவரி இல்லாத புழுவை நிபுணரிடமே கொடுத்தாலும் பெயர் சொல்லத் திணறுவார்.

ஆகவே முதல் மாதம் பூச்சியைத் தேடாமல் செடிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். தோட்டத்தில் முள்ளங்கி, முட்டைக்கோஸ், டர்னிப், நூல்கோல், கடுகு: இவை எல்லாம் ஒரே கடுகுக் குடும்பம். வேலியிலும் சோலை ஓரத்திலும் காட்டு ரோஜா, ராஸ்பெரி முட்புதர், மஞ்சள் கட்டையுள்ள ஊசிக்களா. ஓடையோரம் ஆற்றுப்பாலை. சரிவுகளில் பெரணி வகைகள். உயரத்தில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு. இந்தப் பத்துப் பன்னிரண்டு செடி போதும், ஓராண்டு வேலை இருக்கிறது.

இந்தப் பட்டியலுக்குக் காரணம் உண்டு. பூச்சிகளில் பெரும்பாலான குழுக்கள் வெப்பமண்டலத்தில்தான் அதிக இனங்களோடு இருக்கும். ரம்ப ஈக்கள் அதற்கு நேர்மாறு; வடக்கே குளிர் நாடுகளில்தான் இவற்றின் இனங்கள் கூடுதல். உலகம் முழுதும் 8,000க்கு மேல் இனங்கள் பதிவாகியுள்ளன. தென்னிந்தியாவில் அந்தக் குளிர் நாட்டுச் செடிகளின் உறவுகள் எங்கே இருக்கின்றன? 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவைச் சுற்றிலும் பழனி மலையின் மேல்தளத்திலும்தான். ஊசிக்களாவின் உறவுகளும் காட்டுப்பூவரசின் உறவுகளும் இமயமலையில் நிறைய உண்டு. ஐரோப்பாவில் ஊசிக்களாவின் நெருங்கிய உறவுச் செடிகளை அர்ஜே பெர்பெரிடிஸ் என்ற ரம்ப ஈ தின்கிறது. ஜப்பானிலும் சீனாவிலும் காட்டுப்பூவரசின் தம்பி போன்ற அசேலியாப் புதர்களை அர்ஜே சிமிலிஸ் தின்கிறது. ஆகவே உங்கள் வேலியில் நிற்கும் ஊசிக்களாவைத் தட்டிப் பார்ப்பது வீண் வேலையில்லை. பூச்சி கிடைக்காத நாளிலும் செடியின் பெயர், தேதி, "இல்லை" என்ற சொல், மூன்றையும் நோட்டில் எழுதுங்கள்.

தேடும்போது முற்றிய இலையில் நேரத்தைச் செலவிட வேண்டாம். ரம்பம் எவ்வளவு கூர்மையானாலும் இளந்தண்டையும் தளிரையும் கீறத்தான் அதற்கு எளிது. ரோஜாவில் முட்டை வைக்கும் அர்ஜே வகைகள் இளந்தண்டின் ஒரு பக்கத்தில் வரிசையாகக் கீறி வைத்துவிட்டுப் போகும். முட்டை செடியின் நீரை உறிஞ்சி ஊத, கீறலும் அகன்று வாய் பிளந்து, தையல் பிரிந்த துணிபோல் தெரியும். புழு போன பிறகும் அந்தத் தழும்பு தண்டில் நிற்கும். கோடை மழைக்குப் பின் தளிர் விடும் நாட்களில் ரோஜா வேலியை இப்படிப் பாருங்கள்.

வளர்ப்பது

புழுவை வைத்து இனம் சொல்வது கடினம். பூச்சியாக வளர்த்தெடுத்தால்தான் பெயர் உறுதியாகும். நான் நிறையக் கற்றுக்கொண்டது இந்தக் கட்டத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புழுவை விரலால் கிள்ளி எடுக்காதீர்கள். அதாலியாப் புழுக்களின் தோல் இலேசாக அழுத்தினாலே கசியும். எறும்போ சிலந்தியோ கடித்தால் அதன் வாயில் கசப்பு நீர் படட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. தூரிகை நுனியை முன்னால் நீட்டினால் தானாக ஏறிக்கொள்ளும், இல்லாவிட்டால் இலையோடு வெட்டி எடுங்கள்.

பாட்டிலின் அடியில் இரண்டு விரற்கடை ஈர மண் போடுங்கள். மண்ணைப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. மேலே மெல்லிய துணி கட்டுங்கள். அதே செடியின் இலையைத் தினமும் மாற்றுங்கள், பழைய இலையையும் எச்சத்தையும் எடுத்துவிடுங்கள். மண் ஏன் என்றால், ரம்ப ஈக்களில் பல வகைகள் தின்று முடித்ததும் இறங்கி மண்ணுக்குள் கூடு கட்டும். முதலாண்டு எனக்கு இது தெரியாது. அடியில் செய்தித்தாள் விரித்து பன்னிரண்டு புழுக்களை வளர்த்தேன். நன்றாகத் தின்று கொழுத்தவை திடீரென்று சாப்பாட்டை விட்டுவிட்டு, பாட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தன. நோய் என்று நினைத்துப் புது இலை போட்டுக்கொண்டே இருந்தேன். அவை மண்ணைத் தேடி நடந்திருக்கின்றன. மூன்றே நாளில் எல்லாம் வாடிச் செத்தன. புழு சாப்பாட்டை நிறுத்தி அலைந்தால் அதற்கு மண் வேண்டும் என்று பொருள். இதை மனதில் வையுங்கள்.

மண்ணுக்குள் போன பிறகு தோண்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பூச்சி வரலாம். உறைபனிக் காலத்தில் மாதக்கணக்கில் இழுக்கலாம். மண்ணைக் காயவிடாமல், நாளொன்றுக்கு ஒரு தெளிப்பு போதும். சில பாட்டில்களில் ரம்ப ஈக்குப் பதில் ஒல்லி இடுப்பும் தலையில் நீள உணர்கொம்பும் உள்ள வேறு குளவி வெளியே வரும். புழுவுக்குள் முட்டையிட்டு வளரும் ஒட்டுண்ணிக் குளவி அது. அதையும் தூக்கி எறியாமல் செடி, புழு, தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதன் கதை கீழே வருகிறது.

வெளிவந்த பூச்சியை எந்தக் குடும்பத்தில் வைப்பது

முதலில் இடுப்பைப் பாருங்கள். குளவிக்கும் எறும்புக்கும் இடுப்பு நூலாக ஒடுங்கியிருக்கும். ரம்ப ஈக்கு நெஞ்சும் வயிறும் ஒரே அகலத்தில் சேர்ந்திருக்கும். இடுப்பு இல்லாத குளவி கிடைத்தால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். சிறகை விரித்தால் முதுகின் பின்பகுதியில் வெளிறிய இரண்டு சிறு புடைப்புகள் தெரியும். மடித்த சிறகு நழுவாமல் பிடிக்கும் பட்டைகள் அவை.

அடுத்தது உணர்கொம்பு. இதில் மூன்றே கணுக்கள் இருந்து, மூன்றாவது மட்டும் குச்சிபோல் நீண்டிருந்தால் அர்ஜிடே குடும்பம். ஆண்களில் சில வகைகளுக்கு அந்தக் குச்சி கவைபோல் இரண்டாகப் பிரிந்திருக்கும். நூல்போல் மெலிந்து பெரும்பாலும் 9 கணுக்கள் இருந்தால் டென்த்ரெடினிடே. இதுதான் மிகப் பெரிய குடும்பம். நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி இதில்தான் சேரும். நுனி தடித்துக் கதாயுதம்போல் இருந்தால் சிம்பிசிடே. சீப்புபோல் பல் பல்லாக இருந்தால் பைன் மரங்களைத் தின்னும் டிப்ரியோனிடே.

கடுகு ரம்ப ஈ ஆரஞ்சு நிறம், தலை கருப்பு, சிறகு புகை படிந்ததுபோல். இதை நீண்ட காலம் டென்த்ரெடினிடேயில்தான் வைத்திருந்தார்கள். மரபணுக்களை ஒப்பிட்ட பிறகு அண்மை ஆண்டுகளில் அதாலிடே என்று தனிக் குடும்பமாகப் பிரித்திருக்கிறார்கள். பழைய புத்தகமும் புதிய கட்டுரையும் வேறு வேறு பெயர் சொன்னால் குழம்ப வேண்டாம். நோட்டில் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ரம்ப ஈக்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சிம்பிடா என்று சொல்வது வழக்கம். வசதியான பெயர்தான், ஆனால் முழுக் குடும்பத்தையும் அது காட்டாது. மகளைக் கட்டிக்கொடுத்ததும் ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடுகிறோம். உறவு அதனால் அறுந்துவிடுமா? அதுபோலத்தான். ரம்ப ஈ வம்சத்தில் பிறந்த ஒரு கிளை இடுப்பு ஒடுங்கி, குளவியாக, தேனீயாக, எறும்பாகப் பெருகியது. அந்தக் கிளையை மட்டும் நீக்கிவிட்டு மிச்சத்துக்குச் சிம்பிடா என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒருசில ரம்ப ஈக்களுக்கு மற்ற ரம்ப ஈக்களைவிடக் குளவியே நெருங்கிய சொந்தம். ஓருசிடே என்ற சிறு குடும்பம் அப்படி: அதன் புழுக்கள் இலை தின்பதை விட்டு, மரத்துக்குள் வாழும் பிற பூச்சிப் புழுக்களைத் தின்கின்றன. இடுப்பு ஒடுங்கிய கிளைக்கு மிக அருகில் இருப்பதும் இதுவே. உங்கள் பாட்டிலில் வந்த ஒட்டுண்ணிக் குளவி அந்தக் கிளையின் வாரிசு. இலை தின்ற மூதாதையின் வழியில் வந்து, இன்று இலை தின்னும் தன் தூரத்துப் பங்காளியையே தின்கிறது.

செடிமரமும் பூச்சிமரமும்

பத்துச் செடி, ஐந்தாறு பூச்சி சேர்ந்ததும் நோட்டின் நடுவில் ஒரு விரிந்த பக்கத்தை எடுங்கள். இடப்பக்கம் செடிகளின் வம்ச மரம், வலப்பக்கம் பூச்சிகளின் வம்ச மரம். இரண்டுக்கும் நடுவே யார் யாரைத் தின்கிறார் என்று கோடு போடுங்கள். செடியும் பூச்சியும் ஜோடி ஜோடியாகப் பிரிந்து வந்திருந்தால் கோடுகள் ஏணிப்படிபோல் ஒன்றையொன்று வெட்டாமல் போகும். போட்டுப் பாருங்கள், கண்டிப்பாகச் சிக்கிக்கொள்ளும். அந்தச் சிக்கலில்தான் விஷயம் இருக்கிறது.

அதாலியாவையே எடுத்துக்கொள்வோம். இந்தப் பேரினத்தில் சில இனங்கள் கடுகுக் குடும்பத்தைத் தின்கின்றன. சில துளசி, புதினா இருக்கும் வரிசைச் செடிகளைத் தின்கின்றன. செடி மரத்தில் கடுகும் துளசியும் வெகு தூரம். 2012இல் வெளியான ஓர் ஆய்வு மரபணுக்களை ஒப்பிட்டு, அதாலியாவின் மூதாதை துளசி வரிசையில் வாழ்ந்தது, பிறகுதான் கடுகுக்குத் தாவியது என்று காட்டியது. எப்படித் தாவ முடிந்தது? துளசி வரிசையில் பல செடிகளின் கசப்பு ஒரு சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்த சேர்மத்தில் இருக்கிறது. கடுகின் காரத்துக்குக் காரணமான குளூக்கோசினோலேட்டும் சர்க்கரையோடு பிணைந்ததுதான். ஒன்றைச் செரித்துத் தன் உடலில் சேமிக்கத் தெரிந்த பூச்சிக்கு மற்றொன்று முழு அந்நியமாக இருந்திருக்காது. செடிகளின் சொந்தபந்தத்தைவிடச் சமையல் ஒற்றுமை இங்கே பெரிதாகிவிட்டது.

இன்னொரு செய்தி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜப்பானில் அதாலியா ரோசேயின் புழு முள்ளங்கி இலையில்தான் வளர்கிறது. ஆனால் வளர்ந்த பூச்சி நம் தழுதாழைக்கு உறவான ஒரு செடியைத் தேடிப் போய், இலைமேல் பரப்பைக் கடித்து அதன் கசப்பை உடம்பில் ஏற்றிக்கொள்கிறது. தழுதாழை துளசிக் குடும்பத்துச் செடி. புகுந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தாலும் பிறந்த வீட்டுக் கசப்பைத் தேடிப் போகிறது. மலையடிவாரத்தில் இருப்பவர்கள் தழுதாழை, சங்கங்குப்பி இலைகளில் ஆரஞ்சு நிறப் பூச்சி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

பெரணியில் கவனம் தேவை. டென்த்ரெடினிடேயில் செலாண்டிரினே என்ற உட்குடும்பம் பெரும்பாலும் பெரணியில் வாழ்கிறது. பெரணி பூக்கும் தாவரங்களைவிடப் பழையது, ஆகவே இந்தப் பூச்சியும் மிகப் பழையது என்று கோடு போடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். இன்றைய பெரணி இனங்களில் பெரும்பாலானவை பூக்கும் தாவரங்கள் காடாகப் படர்ந்த பிறகு, அவற்றின் நிழலில் பெருகியவை என்று 2004இல் வந்த ஆய்வு சொல்கிறது. பழைய குலத்தில் புதுத் தலைமுறை. செடியின் வயதை அப்படியே பூச்சிக்கு எழுதக் கூடாது.

உண்மையிலேயே பழைய உறவைப் பார்க்க வேண்டுமென்றால் அது பைனில் இருக்கிறது. குளவி வரிசை முழுவதும் பிரியத் தொடங்கியது சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று 2017இல் ஒரு மரபணு ஆய்வு கணித்தது. இந்த வரிசையின் மிகப் பழைய புதைபடிவங்கள் ட்ரயாசிக் காலத்து (சுமார் 25 முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்) சைலிடே குடும்பம். அதன் வாரிசுகளில் பல இன்றும் வடகோளத்தில் பைன் மரத்தின் ஆண் கூம்புக்குள் மகரந்தம் தின்று வளர்கின்றன. நம் மலைகளில் இயல்பாக வளர்ந்த பைன் இல்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நிற்பவை நட்டு வளர்த்தவை. அதனால் புதிதாகத் தொடங்குபவர்கள் பைன் காட்டில் நாளைச் செலவிட வேண்டாம். வேலிக்கும் ஓடைக்கும் போங்கள்.

எங்கே போகலாம், எங்கே கூடாது

சொந்தத் தோட்டம், அனுமதி பெற்ற நண்பர் தோட்டம், சாலையோர வேலி: இவை போதும். முக்குருத்தி தேசியப் பூங்காவிலும் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்திலும் காப்புக்காடுகளிலும் வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு புழுவைக்கூட எடுக்கக் கூடாது. அனுமதியோடு நடக்கக் கூடிய பாதைகளில் படம் எடுங்கள். புழுவைப் பக்கவாட்டில் கால் எல்லாம் தெரிய ஒன்று, முகம் ஒன்று, செடியின் இலையும் பூவும் தெரிய ஒன்று. மூன்றாவது படத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

பறக்கும் பூச்சிகளைப் பிடிக்கக் கூடாரம் போன்ற வலை ஒன்று உலகம் முழுதும் பயன்படுகிறது. அதை உருவாக்கிய ஸ்வீடன்காரர் ரெனே மலேஸ் ரம்ப ஈ ஆய்வாளர்தான். பயணத்தில் தன் கூடாரத்துக்குள் புகுந்த பூச்சிகள் மேல் மூலையிலேயே கூடுவதைக் கவனித்து, 1934இல் பர்மா பயணத்தில் பயன்படுத்தி, 1937இல் எழுதி வெளியிட்டார். நீங்கள் இப்போது வாங்க வேண்டியதில்லை. அதில் விழும் பூச்சிக்குச் செடி முகவரி இருக்காது.

பாட்டிலுக்குள் ஒரு துண்டுச் சீட்டு போடுங்கள், வெளியே ஒட்டுவது ஈரத்தில் விழுந்துவிடும். பென்சிலில் இப்படி: முள்ளங்கி, இலை அடிப்பக்கம், புழு 4, ஊர், உயரம், தேதி, மண்ணில் இறங்கிய நாள். கடைசி வரியைக் காலியாக விடுங்கள். அது பூச்சி வெளிவரும் நாளுக்கு.